உடலுக்கும் ஓர் ஆண்டுக் கணக்கு

விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஆண்டுதோறும் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. மாணவர் அனைவரும் குறித்த நாளில் உடல்நல நிலையத்திற்கு வந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது அதன் செய்தி. அதைப் படிக்கும் நம்மவருள் மூன்று வகையினர் உண்டு. "எனக்கென்ன? கல்லைத் தின்றாலும் கரையும் வயது" என்று சிரித்துவிட்டுப் போகிறவர் முதல் வகையினர். "போனால் ஏதாவது கண்டுபிடித்துவிடுவார்கள்" என்று அஞ்சி அன்று மட்டும் நூலகத்தில் ஒளிந்துகொள்கிறவர் இரண்டாம் வகையினர். வருகைப் பதிவுக்காகப் போய், கையெழுத்திட்டு, கொடுத்த தாளை மடித்துப் பையில் போட்டு, அடுத்த சலவையில் அதையும் சேர்த்துத் துவைத்துவிடுகிறவர் மூன்றாம் வகையினர். இக்கட்டுரையை எழுதுபவன் முதலாம் ஆண்டில் மூன்றாம் வகையைச் சேர்ந்திருந்தவன். அதனால் நேர்ந்ததையும், பிறகு கற்றதையும் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையருக்குச் சொல்வதே இங்கு நோக்கம். நான் மருத்துவம் பயில்பவன் அல்லன், வரலாற்று மாணவன். மருத்துவம் பயிலும் நண்பர் ஒருவர் இதைப் படித்துப் பார்த்துப் பிழை நீக்கித் தந்தார்.

இது தேர்வா?

நம்மிற் பலர் பரிசோதனை என்றதும் தேர்வு என்றே எண்ணிக்கொள்கிறோம். தேறினோமா, தவறினோமா என்று மனம் அடித்துக்கொள்கிறது. அந்த எண்ணமே தவறு. தேர்வில் நம்மைப் பிறரோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். உடற் பரிசோதனையிலோ இவ்வாண்டு நம்மைச் சென்ற ஆண்டு நம்மோடு ஒப்பிட வேண்டும். கடைக்காரர் ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்டுப் பார்க்கிறாரே, அது போன்றது இது. ஓர் ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்து வணிகத்தின் போக்கை அறிய முடியாது. இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால் அறியலாம்.

நோயில்லாதவரும் காலந்தோறும் மருத்துவரிடம் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று 1861ஆம் ஆண்டிலேயே இலண்டனில் ஹொரேஸ் டோபெல் என்னும் மருத்துவர் வலியுறுத்தினார். 1922இல் அமெரிக்க மருத்துவக் கழகம் அக்கருத்தை ஏற்றது. பின்னர் ஆண்டுதோறும் எல்லாச் சோதனைகளையும் எல்லாருக்கும் செய்வது நல்லது என்ற எண்ணம் பரவியது. ஆனால் 1979இல் கனடா நாட்டின் வல்லுநர் குழு ஒன்று, எல்லாருக்கும் ஒரே வகைச் சோதனை என்பதைக் கைவிட்டு, வயதுக்கும் நிலைக்கும் ஏற்றவற்றை மட்டும் தேர்ந்து செய்க என்று கூறியது. 2012இல் டென்மார்க்கு ஆராய்ச்சியாளர்கள் 1,80,000க்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தனர்; 2019இல் 2,50,000 பேர் வரை விரித்து மீண்டும் பார்த்தனர். நலமாயிருக்கும் பெரியவர்களுக்குப் பொதுவான சோதனைகளை வரிசையாகச் செய்வதால் மட்டும் இறப்பு குறைந்துவிடவில்லை என்பதே இருமுறையும் கிடைத்த முடிவு.

"அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே!" என்று முதல் வகை நண்பர் குதிப்பார். பொறுத்தருள்க. சோதனைகளின் எண்ணிக்கை நம்மைக் காப்பதில்லை என்பதுதான் அந்த முடிவின் பொருள். பொருத்தமான சில சோதனைகள், உண்மையான பேச்சு, பத்திரமாகச் சேர்த்து வைத்த பழைய தாள்கள் ஆகிய மூன்றும் இருந்தால் அரை மணி நேரப் பரிசோதனை பயன் தரும். இவற்றுள் மருத்துவர் கையில் இருப்பது ஒன்று. நம் கையில் இருப்பவை இரண்டு.

புறப்படுமுன்

வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பதாக அறிவித்திருந்தால், முன்னிரவு உணவுக்குப் பின் 8 மணி நேரமாவது ஒன்றும் உண்ணாதிருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், குடிப்பது நல்லதுங்கூட. தேநீர் கூடாது. "சர்க்கரை போடாத தேநீர்தானே" என்ற வாதமும் செல்லாது. அதில் பால் இருக்கிறதல்லவா? இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் காப்பி, தேநீர், புகை ஆகியவை ஆகா. ஓடிச் சென்று வரிசையில் நிற்பதும் ஆகாது.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை நான்கு: சென்ற ஆண்டுத் தாள், மூக்குக் கண்ணாடி, வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளின் பெயர், தடுப்பூசி அட்டை அல்லது அதன் படம். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய இலேகியமும் சூரணமும் மருந்துகளே. "அது நாட்டு மருந்துதானே" என்று மறைக்கலாகாது.

கேள்வித் தாளும் மொழிச் சிக்கலும்

உள்ளே போனதும் முதலில் நாம் சந்திப்பது ஒரு கேள்வித் தாள். முன்பு என்ன நோய் வந்தது, அறுவை சிகிச்சை உண்டா, எந்த மருந்து ஒவ்வாது, புகை உண்டா, மது உண்டா, தாய் தந்தையர்க்கு நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் உண்டா என்றெல்லாம் அது கேட்கும். நான் முதலாம் ஆண்டில் அதை எப்படி நிரப்பினேன் தெரியுமா? பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. மேலிருந்து கீழ்வரை 'இல்லை, இல்லை' என்று ஒரே இழுப்பில் கோடு போட்டேன். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. என் அறிவுக் கூர்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

அதன்பின் செவிலியர் அம்மையார் இந்தியில் கேட்கத் தொடங்கினார். "புகார்?" என்றார். வந்த புதிதில் இவ்வளவு மரியாதையாக நம் குறைகளைக் கேட்கிறார்களே என்று மகிழ்ந்து, "புகார் ஒன்றும் இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் விடை சொன்னேன். அடுத்து "சக்கர்?" என்றார். சர்க்கரையைத்தான் கேட்கிறார் என்று துணிந்து, "தேநீரில் இரண்டு கரண்டி" என்றேன். அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். பின்னாலிருந்த பீகார் நண்பர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். இந்தியில் 'புகார்' என்றால் காய்ச்சல்; 'சக்கர்' என்றால் தலைச்சுற்றல்.

ஆகவே சில சொற்களை மனத்திற் கொள்வது நலம். வலி 'தர்த்', இருமல் 'காம்ஸி', வயிறு 'பேட்', தளர்ச்சி 'கம்ஜோரி'. இவை போதாதபோது வெட்கப்படாமல் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அதுவும் வராவிட்டால் மொழி தெரிந்த நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். புரியாத கேள்விக்குத் தலையாட்டுவதைக் காட்டிலும், "புரியவில்லை" என்று சொல்வது ஆயிரம் மடங்கு மேல்.

பழைய நோய்களைச் சொல்வதில் என்ன பயன் என்று ஐயுறுவோர்க்குக் கணித மேதை இராமானுசரின் வரலாற்றை நினைவூட்டலாம். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1917இல் நோயுற்றார்; 1919இல் தாயகம் திரும்பினார்; 1920 ஏப்ரல் 26இல் முப்பத்திரண்டே வயதில் மறைந்தார். எலும்புருக்கி என்றே அப்போது பெரும்பாலும் கருதப்பட்டது. 1994இல் டி. ஏ. பி. யங் என்பவர் அக்காலக் குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, அது ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். அதற்கு அவர் காட்டிய முக்கியமான தடயம், இராமானுசர் இந்தியாவிலிருந்தபோது வந்துபோன வயிற்றுக்கடுப்பு. இது முடிந்த முடிபு அன்று. ஓர் ஆய்வாளரின் கருத்து. எனினும் ஊரில் வந்து மறைந்த நோய், தொலைதூரத்தில் வரும் நோய்க்குத் திறவுகோலாகக்கூடும் என்பதை, வீட்டை விட்டு வந்து படிக்கும் நாம் மறக்கலாகாது.

அளவுகள்

அடுத்து உயரமும் எடையும். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு. இந்தியர்க்கு அது 18.5 முதல் 23க்குள் இருத்தல் நலம்; 23 முதல் 25க்குள் எடை மிகுதி; 25க்கு மேல் உடற்பருமன். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவர்க்கு 53.5 கிலோ முதல் 66.5 கிலோ வரை என்று கொள்க. ஐரோப்பியர்க்கு 25 வரை இயல்பு என்று விட்டுவிடுகிறார்கள். நமக்கு ஏன் இந்தக் கண்டிப்பு? அதே எடையில் நம்மவர் உடலில் கொழுப்பு மிகுதி. அதுவும் வயிற்றைச் சுற்றியே சேர்கிறது. நீரிழிவும் முந்திக்கொண்டு வருகிறது. அதனால்தான் இடுப்பளவையும் பார்க்கிறார்கள். ஆடவர்க்கு 90 சென்டிமீட்டர், மகளிர்க்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. வயிற்றை உள்ளிழுத்து நிற்பது நிழற்படத்திற்கு உதவும், இங்கே உதவாது. இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளப்பதே சரியான முறை.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். அங்குள்ள பத்துக் குறள்களில் பாதிக்கு மேல் மருந்தைப் பற்றியவை அல்ல, உணவைப் பற்றியவை. நம் விடுதியின் நெய் வழியும் பராட்டாவை வள்ளுவர் கண்டிருந்தால் இன்னும் ஒரு குறள் கூட்டியிருப்பாரோ என்னவோ!

பின்னர் இரத்த அழுத்தம். கையில் ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றடைத்துப் பின் மெல்ல விடுகிறார்கள். அப்போது குழாயில் கேட்கும் ஒலிகளைக் கொண்டு மேல் அளவையும் கீழ் அளவையும் அறியும் முறையை 1905இல் உருசிய மருத்துவர் கொரோட்கோவ் கண்டார். இன்று பல இடங்களில் மின்கருவியே அளந்துவிடுகிறது. 120க்கு 80 என்பதற்குக் கீழ் இருந்தால் இயல்பு. 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால், வெவ்வேறு நாட்களில் மறுபடியும் பார்த்த பின்னரே நோய் என்று முடிவு கட்டுவர். சிலர்க்கு மருத்துவரின் வெள்ளை அங்கியைக் கண்டாலே அழுத்தம் ஏறிவிடும். அதனால் ஐந்து நிமிடம் அமைதியாக அமருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும்; பாதங்கள் தரையில் படட்டும்; கால்மேல் கால் வேண்டா; கை இருதய மட்டத்தில் ஒரு மேசை மீது இருக்கட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காருவதும், அளக்கும்போது பேசுவதும் அளவை உயர்த்திவிடும். "என் மாமாவுக்கும் பிரஷர்" என்ற கதையைப் பட்டையை அவிழ்த்த பிறகு சொல்லலாம்.

மார்பில் குழாய் வைத்துக் கேட்கும்போது சட்டைமேல் வைக்காமல் தோலில் வைப்பதே முறை, கூச்சம் வேண்டா. 1816இல் பாரிசில் லேனெக் என்னும் மருத்துவர், ஒரு பெண்ணின் மார்பில் காது வைத்துக் கேட்கத் தயங்கித் தாளைச் சுருட்டி வைத்துக் கேட்டாராம். அந்தக் கூச்சத்தில் பிறந்ததே இக்கருவி! மாணவியர் பெண் மருத்துவரை வேண்டலாம்; இல்லையெனில் செவிலியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்பதில் தவறொன்றும் இல்லை.

கண்ணுக்கு எழுத்துப் பலகை. 6 மீட்டர் தொலைவில் நின்று, ஒரு கண்ணை மூடி, மற்றொரு கண்ணால் படிக்க வேண்டும். 6க்கு 12 என்று எழுதினால், நல்ல கண்ணுடையவர் 12 மீட்டரிலிருந்து படிப்பதை நாம் 6 மீட்டரிலிருந்துதான் படிக்கிறோம் என்று பொருள். முன்னால் நிற்பவர் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் திறமைசாலிகள் நம்மிடையே உண்டு. அவர்கள் மருத்துவரை ஏமாற்றுவதாக எண்ணுகிறார்கள். ஆண்டு முழுவதும் கடைசி வரிசையில் அமர்ந்து கரும்பலகை தெரியாமல் தலைவலியோடு வாடப்போவது யார்?

இரத்தமும் சிறுநீரும்

இரத்தத்தில் முதலிற் பார்ப்பது ஹீமோகுளோபின். ஒரு டெசிலிட்டருக்கு ஆடவர்க்கு 13 கிராமுக்கும், மகளிர்க்கு 12 கிராமுக்கும் குறைந்தால் இரத்தச் சோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள மகளிரில் 57 விழுக்காட்டினர்க்கும், ஆடவரில் 25 விழுக்காட்டினர்க்கும் இக்குறை உண்டு. படிப்பில் மனம் ஊன்றவில்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வருந்தும் மாணவி தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்ளுமுன் இந்த எண்ணைப் பார்க்கட்டும். மாதவிடாயில் குருதிப் போக்கு மிகுதியாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லட்டும்.

அடுத்தது சர்க்கரை. வெறும் வயிற்றில் 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 126 அல்லது அதற்கு மேல் இருந்து, மறு சோதனையிலும் உறுதியானால் நீரிழிவு. இரண்டுக்கும் இடைப்பட்டது நீரிழிவின் வாசற்படி. வாசற்படியில் நிற்பவர் திரும்பி வரலாம் என்பதுதான் இதில் மகிழ்ச்சிச் செய்தி. எச்.பி.ஏ.1சி என்னும் மற்றொரு சோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது. சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அத்தனை நாளும் அவை தாம் கண்ட சர்க்கரையைத் தம்மேல் பூசிக்கொண்டு திரிகின்றன. பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து தப்பிக்க நினைப்பவரை அவை காட்டிக் கொடுத்துவிடும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேர்க்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேர்க்கு அதன் முன்னிலையும் இருப்பதாக மதிப்பிட்டது.

சிறுநீரில் புரதம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பர். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடித்துத் தருவது முறை. மார்பு எக்ஸ்ரே எல்லார்க்கும் ஆண்டுதோறும் தேவையில்லை. ஆனால் இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். உலகிலுள்ள காசநோயாளரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் நம் நாட்டினர். ஓர் அறையில் மூவர் தங்கும் விடுதியில் ஒருவர் மறைத்தால் மூவரும் துன்புற நேரும்.

நகரத்துச் சோதனைச் சாலைகள் "எழுபது சோதனை, எண்பது சோதனை, சலுகை விலை" என்று விளம்பரம் செய்கின்றன. அதைக் கண்டு மயங்கவேண்டா. நலமுள்ள நூறு பேரில் 95 பேர்க்கு அமையும் அளவையே பெரும்பாலான சோதனைகளில் 'இயல்பு' என்று வரையறுக்கிறார்கள். அதன்படி ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைச் செய்தால், நலமாயிருக்கும் நூறு பேரில் 64 பேர்க்கு ஏதேனும் ஒன்றாவது எல்லை தாண்டித் தோன்றும்! கணக்கு மாணவர் சரிபார்த்துக்கொள்ளலாம். தடித்த எழுத்தில் அச்சான ஓர் எண்ணைக் கண்டு இரவெல்லாம் தூங்காதிருக்க வேண்டுவதில்லை. அதன் பொருளை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

தடுப்பூசியும் மனநலமும்

தடுப்பூசி குழந்தைக்கு மட்டும் உரியது அன்று. டெட்டனஸ், தொண்டையடைப்பான் ஆகியவற்றிற்கான ஊசியைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மஞ்சட்காமாலை வகைகளுள் கொடிதான ஹெபடைட்டிஸ் 'பி'க்கு உரிய தடுப்பூசி, அரசின் திட்டத்தில் நாடு முழுவதும் விரிவடைந்தது 2011இல்தான். அதற்கு முன் பிறந்தவர், தாம் போட்டுக்கொண்டோமா என்று வீட்டில் கேட்டறிக. கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் ஊசியை 26 வயது வரை போட்டுக்கொள்ளலாம். அதையும் மருத்துவரிடம் கேட்கலாம்.

இறுதியாக, "தூக்கம் எப்படி? மனம் எப்படி?" என்று கேட்பார்கள். நம்மவர் அனைவரும் "நன்றாக இருக்கிறது" என்றே சொல்கிறோம். மடியில் கனமிருந்தும் வழியில் பயமில்லை என்று நடிக்கிறோம். இரண்டு வாரத்திற்கு மேலாக எதிலும் விருப்பமில்லை, தூக்கமில்லை, வாழ்வதே வீண் என்று தோன்றுகிறது என்றால், அது காய்ச்சலைப் போலவே சொல்ல வேண்டிய ஒன்று. வேற்று மொழியில் இதைச் சொல்வது கடினந்தான். 2022இல் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் உதவியை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

ஒரு தாள் சொன்ன கதை

இப்போது என் கதைக்குத் திரும்புகிறேன். இரண்டாம் ஆண்டு பரிசோதனைக்குப் போனேன். என் எடை 71 கிலோ. உயரம் 170 சென்டிமீட்டர். "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று சொல்லி யாரும் அனுப்பிவிடக்கூடிய தோற்றம். ஆனால் அந்த மருத்துவர் அம்மையார், நிலையத்திலிருந்த என் முதலாண்டுத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் 63 கிலோ. ஓராண்டில் 8 கிலோ! வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. பிறகு என் 'இல்லை, இல்லை' கோட்டின்மேல் விரலை வைத்து, "உன் தந்தையார்க்கு நீரிழிவு இல்லை என்பது உனக்கு நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டார்.

"ஏதோ மாத்திரை சாப்பிடுவார்" என்றேன்.

"எதற்கு?"

எனக்குத் தெரியவில்லை. கம்பராமாயணத்தில் எத்தனை காண்டம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னைப் பெற்ற தந்தை நாள்தோறும் விழுங்கும் மாத்திரை எதற்கென்று தெரியவில்லை.

அன்று மாலை வீட்டிற்குத் தொலைபேசியில் பேசினேன். வழக்கம்போல் அம்மா "சாப்பிட்டியாப்பா?" என்றார். நான் கேள்வியைக் கேட்டேன். சற்று நேரம் பேச்சே இல்லை.

"உனக்கு எதுக்குப்பா அந்தக் கவலையெல்லாம்? நீ படி."

"அம்மா, டாக்டர் கேக்கிறாங்க. சொல்லுங்க."

"அப்பாவுக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆச்சு. போன வருஷம் கால்ல புண்ணு வந்து பத்து நாள் ஆசுபத்திரியில இருந்தாங்க. உனக்குப் பரீட்சை நேரம். பையன் பயந்துக்குவான், சொல்லாதேன்னு அவங்கதான் சொன்னாங்க."

நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நாளும் நான் வீட்டிற்குப் பேசியிருக்கிறேன். "அப்பா எங்கே?" என்று கேட்டபோதெல்லாம், "கடைக்குப் போயிருக்காங்க" என்ற விடை வந்ததும் நினைவுக்கு வந்தது. அவர்கள் என்னிடம் மறைத்தது அன்பினால். நானோ சென்ற மாரிக் காலத்தில் ஒரு வாரம் காய்ச்சலாய்க் கிடந்ததை அவர்களிடம் மறைத்தேன்; அதுவும் அன்பினால்தான். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் இப்பாலும் இருந்துகொண்டு ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணி, இருவரும் ஒருவரையொருவர் இருட்டில் விட்டிருந்தோம்.

மறுநாள் மருத்துவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் மருந்து ஒன்றும் எழுதவில்லை. நாள்தோறும் அரை மணி நேரத்திற்குக் குறையாமல் விரைந்து நடக்கச் சொன்னார்; தேநீரில் இரண்டு கரண்டிச் சர்க்கரையை விடச் சொன்னார்; காலைப் பராட்டாவைக் குறைத்துப் பருப்பையும் காய்களையும் கூட்டச் சொன்னார். மூன்றாம் ஆண்டுத் தாளில் எடை 66 கிலோ, சர்க்கரை 96. இதை வெற்றி முழக்கமாக எழுதவில்லை. தந்தை வழி வந்தது என்னை விட்டு எங்கும் போய்விடாது. ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் இப்போது வாசற்படி எங்கே இருக்கிறது என்பது தெரியும். அப்பாவும் இப்போது தம் அளவை ஞாயிறுதோறும் எனக்குச் சொல்கிறார். நான் என் எடையை அவர்க்குச் சொல்கிறேன். யார் முதலில் குறைப்பது என்று எங்களுக்குள் போட்டிகூட உண்டு.

நண்பர்களே! பரிசோதனைக்குப் போய்வந்தபின் செய்ய வேண்டியவை சிலவே. தாளைக் கேட்டு வாங்குங்கள். தேதியிட்டு ஓர் உறையில் போட்டு வையுங்கள். படமும் எடுத்து வையுங்கள். படிப்பு முடிந்து வேறூர் செல்லும்போது, பட்டத்தோடு அந்த உறையையும் எடுத்துச் செல்லுங்கள். எல்லை தாண்டிய எண் ஏதேனும் இருந்தால், எப்போது மறுபடியும் பார்க்க வேண்டும் என்று கேட்டு, அந்நாளில் தவறாமல் செல்லுங்கள்.

போகுமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டிற்குப் பேசுவீர்கள் அல்லவா? "சாப்பிட்டாயா" என்ற கேள்விக்கு விடை சொன்னபின் உடனே வைத்துவிடாதீர்கள். அப்பா என்ன மாத்திரை சாப்பிடுகிறார், அம்மாவுக்கு இரத்த அழுத்தம் எவ்வளவு, தாத்தா எதனால் இறந்தார் என்று கேளுங்கள். "உனக்கு எதற்கு" என்றுதான் முதலில் சொல்வார்கள். விடாமல் கேளுங்கள். கேள்வித் தாளில் நீங்கள் எழுத வேண்டிய விடை அவர்களிடந்தான் இருக்கிறது.